மூன்றாம் சுற்று

சனிக்கிழமை, சம்பள நாள்.
காங்கயம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில்
மணவறை வைக்கும் இடத்தில் கம்பிக் கூண்டு.
போன முகூர்த்தத்து வாழை
வாசலில் இன்னும் வாடி நின்றது.
டிக்கெட் முந்நூறு.
பனியன் கம்பெனி ஆட்கள்
பிரிக்காத சம்பளக் கவரோடு வந்திருந்தார்கள்.

நான் லாரியில் பேல் ஏற்றுகிறவன்.
நூற்றுப் பதினான்கு கிலோ இருந்தேன்.
ஊரில் கம்பம் நட்டுக் காப்புக் கட்டி
பதினோரு நாள் கவிச்சி தொடாமல்
நூற்றெட்டுக்கு இறங்கியிருந்தேன்.

அவன் டோங்காக்காரன். லோபெத்தி.
ஆக்லாந்தில் ஆடு உரிக்கும் ஆலையில் வேலையாம்.
அண்ணன் தம்பிகள் நாலு பேர் பின்னால் வர,
சிவப்புக் கொடி, மூலையில் சிலுவை,
இடுப்பில் ஒரு பாயைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தான்.
தாழை ஓலைப் பாய். ஓரமெல்லாம் நைந்தது.
"என்றா இது, படுக்கறதுக்கே வந்துட்டானாட்டருக்குது!"
மண்டபம் சிரித்தது. நானும்தான்.
பெரியவர்கள் முன்னால், சாமி முன்னால்
அது இல்லாமல் நிற்க மாட்டார்கள் என்று
பிறகுதான் யாரோ சொன்னார்கள்.
அவன் அதை அவிழ்த்து மடித்தான்.
சாமி நகைப் பெட்டியை மூடும் பூசாரியிடம் மட்டுமே
அந்த நிதானத்தைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கை சுற்றும்போது
நடுவர் கண்ணில் மஞ்சள் கயிறு பட்டது.
"அறுத்துருங்க. ரூல்ஸ்."
"கம்பம் புடுங்கற வரைக்கும் முடியாதுங்க."
"அப்ப ஆட்டம் இல்லைங்க."
பேச்சு இழுத்தது. கரண்ட் வேறு போய் வந்தது.

அவன் எழுந்து வந்து
என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான்.
முகர்ந்தும் பார்த்தான்.
"இருக்கட்டும்ங்கறாரு. மேல துணி சுத்திக்கோணுமாம்.
ஆனா அவருக்கும் ஒண்ணு இருக்குதாம்.
பன்னெண்டு அடிச்சா ஞாயித்துக்கெழமைங்க.
அன்னைக்குக் கை ஓங்க மாட்டாராம்.
அவங்க தீவுல அன்னைக்குப் பந்துகூட உருளாதாம்."

ஏற்பாட்டாளர் வாட்சைப் பார்த்தார்.
பதினொன்று நாற்பத்தெட்டு.

முதல் சுற்றில் என்னைத் தூக்கினான்.
ஆயுசில் எத்தனை பேல் தூக்கியிருப்பேன்,
தூக்கப்படுவது எப்படி என்று அன்றுதான் தெரியும்.
இரண்டாம் சுற்றில் இடது விலாவில் முழங்கால்.
அப்புறம் எனக்குக் கேட்டதெல்லாம்
எங்கோ தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தம்.
மணி அடித்தது.

சாப்பாட்டுக் கூடத்து வாசல் மேல் கடிகாரம்.
அவன் அதைப் பார்த்தான்.
ஒரு நிமிடம் குடித்தான், துடைத்தான்.
முள்ளுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின.
கையுறையை முன்னால் நீட்டினான், கழற்றச் சொல்லி.
பாயைக் கேட்டான்.

நடுவர் அவனிடம் இரண்டு முறை கேட்டார்.
பிறகு என் கையைத் தூக்கினார்,
உள்ளே கயிறு இருந்த அதே கையை.

"காசத் திருப்பிக் குடுங்கடா!"
நாற்காலி ஒன்று கம்பியில் மோதி விழுந்தது.
அந்த நாலு பேரும் பாடத் தொடங்கினார்கள்.
ஆளுக்கொரு குரல், ஒருவன் பூமிக்குள்ளிருந்து,
ஒருவன் தகர ஓட்டைத் தொட்டுக்கொண்டு.
கூச்சல் ஒன்றும் அடங்கவில்லை.
அவர்களும் நிறுத்தவில்லை.

முழுதாகக் கேட்க எனக்கு நேரமில்லை.
காப்புக் கட்டியவன் வெளியூரில்
ராத் தங்கக் கூடாது.
பரிசுப் பணம் பதினெட்டாயிரத்தை
டிவிஎஸ் சீட்டுக்கடியில் வைத்து
ஊத்துக்குளி தாண்டி, ஒரு கையால் விலாவைப் பிடித்தபடி
இருட்டில் போனேன்.
அதில் பன்னிரண்டு வட்டிக்குப் போயிற்று.
திருப்பிக் கொடுத்தேன் என்றெல்லாம்
பொய் சொல்ல மாட்டேன்.

விடியக் கருக்கலில்
கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பெண்கள்
"ஜெயிச்சுப்போட்டயா?" என்றார்கள்.
"ஜெயிச்சேன்" என்றேன்.
மயிலாத்தாளின் குடத்தைத் தூக்கிவிடக் குனிந்தேன்.
பாதிக்கு மேல் அது வரவில்லை.